நிய்யத் மட்டும் போதுமா?

தாயில்பட்டியிலிருந்து கிப்லா நேர் மேற்கல்ல. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 23 பாகை சாய்வு. காம்பஸில் 293. ஆனால் மத்தாப்புக்கான கம்பிக்கட்டுக்குப் பக்கத்தில் காம்பஸை வைத்தால், இரும்பு முள்ளை இழுத்துவிடும். இழுபட்ட முள்ளும் ஆடாமல்தான் நிற்கும். நமக்குச் சந்தேகமே வராது.

அதை நம்பித் தொழுத பிறகு திசை முற்றிலும் வேறு என்று தெரிந்தால்? முயன்று தேடியவரின் தொழுகை கூடிவிட்டது என்பது ஹனஃபி மத்ஹப். தவறு உறுதியானால் மீண்டும் தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல். "நிய்யத் சரிதானே ஹஸரத்" என்பார்கள். சரிதான். ஆனால் திசை தெரிந்த உள்ளூர்க்காரர் பக்கத்தில் இருந்தும் கேட்கச் சோம்பியவருக்கு ஹனஃபியிலும் அந்தச் சலுகை கிடையாது. கம்பிக்கட்டை விட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு ஒருவரிடம் கேளுங்கள்.