உருவமும் இனமும்

1859-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பாயிண்டர், செட்டர் என்னும் இருவகை வேட்டை நாய்களுக்கென நடந்த கண்காட்சியும், 1873-இல் லண்டனில் தோன்றிய கென்னல் கிளப்பும், மந்தை காப்பது, மோப்பம் பிடிப்பது, வளைக்குள் புகுந்து விரட்டுவது முதலிய தொழில்களால் பெரும்பாலும் அறியப்பட்டு வந்த நாயை, காது, வால், நிறம், உயரம் என்னும் அங்க லட்சணங்களால் வகுத்தறியும் வழக்கத்தை நிலைநாட்டின. இங்ஙனம் வகுக்கப்பட்ட இனம் பொருளிலேயே உள்ளதா, அன்றி நம் புத்தி அதன்மேல் ஏற்றியதா என்பது தத்துவ விசாரணைக்கு உரிய வினாவாகும்.

நார்விச் டெரியர் என்னும் சிறு நாயை 1932-இல் அக்கழகம் ஓரினமாக ஏற்றபோது, காது நிமிர்ந்தவையும் மடிந்து தொங்குபவையும் அதில் கலந்தே இருந்தன; ஒரே ஈற்றில் இரண்டும் பிறப்பதுண்டு. 1964-இல் தொங்கு காதுடையவை நார்ஃபோக் டெரியர் என்ற தனி இனமாகப் பிரிக்கப்பட்டன. அமெரிக்கக் கென்னல் கிளப் இப்பிரிவை 1979-இல்தான் ஏற்றது. ஆகவே இடைப்பட்ட 15 ஆண்டுகளில், இங்கிலாந்தில் வேற்றினமாயிருந்த இரு நாய்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்தால் ஓரினமாயின. எலும்பும் இரத்தமும் மாறாதிருக்க, இனம் மட்டும் மாறிற்று.

பல பசுக்களிலும் ஒன்றாய் நித்தியமாய் உறையும் பசுத்தன்மை என்னும் சாமான்யம் மெய்யாகவே உண்டு என்று சாதித்த நியாய வைசேஷிகர்கூட, சமையற்காரன் என்பதுபோல் மனிதர் ஏற்றிச் சொல்லும் தன்மையை உபாதி என்று விலக்கி வைத்தனர். காஞ்சிக்கு அருகே பிறந்தவரென மரபு கூறும் பௌத்தப் பேராசான் திக்நாகரோ, பொதுத்தன்மை என்றொரு பொருளே இல்லை, பிறவற்றை விலக்குவதாலேயே சொல் தன் பொருளைக் குறிக்கிறது என்று அபோகக் கொள்கையை வகுத்தார். நாய்த்தன்மையைப் பற்றி இவ்விரு தரிசனங்களும் எத்துணை வாதிட்டாலும், காது மடிந்த அளவில் பிறந்த இனம் மனித சங்கேதமே என்பதில் இரண்டும் உடன்பட்டே தீரவேண்டும்.

சங்கேதம் தீதன்று, அது வாழ்வுக்கு வேண்டுவதே. ஆனால், நாம் எழுதிய லட்சணத்தை இயற்கையின் விதியென மயங்கி, அதற்கேற்ப உயிரை வளைக்கத் துணியும்போது அதர்மம் புகுகிறது. குறுகிய முகமும் பருத்த தலையும் அழகென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட புல்டாக், மூச்சுக்குத் திணறுகிறது. அதன் குட்டிகளுட் பல தாயின் வயிற்றைக் கிழித்தே வெளிவருகின்றன. 2008-இல் பிபிசி தொலைக்காட்சி இவ்வவலத்தைக் காட்டியதால் எழுந்த கண்டனத்துக்குப் பின், 2009-இல் கென்னல் கிளப்பே தன் லட்சண விதிகளைத் திருத்தியது. திருத்தக்கூடியது நித்தியமாதல் எங்ஙனம்?

அந்தணனிடத்தும் நாயினிடத்தும் சமதரிசனம் கொள்பவரே பண்டிதர் என்று கீதையின் ஐந்தாம் அத்தியாயம் போதிப்பது, உருவபேதத்தைக் காணாதிருக்கச் சொல்வதன்று. அப்பேதத்தைக் கொண்டு உயிரை அளவாதிருக்கச் சொல்வதாகும். ஆதலால் உயிரின் சுகத்துக்கேற்ப லட்சணத்தைத் திருத்துவதே தர்மம். லட்சணத்துக்காக உயிரை வருத்துவது, எத்துணைப் பரிசுகள் பெறினும், பாபமே.