காட்டிய வீடும் காட்டாத வீடும்

ஊரெல்லாம் பார்க்கும்படி ஒருவர் தம் வீட்டைத் திறந்து காட்டிவிட்டால், பிறகு அந்த வீட்டைத் தேடிக்கொண்டு வருகிறவனை அவர் கோபித்துக்கொள்ளலாமா? அமெரிக்காவில் டெலிவிஷன் கிளப்பிவிட்டிருக்கும் கேள்வி இது.

பழைய வீடுகளைப் புதுப்பித்துக் காட்டுகிற நிகழ்ச்சிகளுக்கு அங்கே ரசிகர்கள் ஏராளம். ஏ.பி.சி. நிறுவனம் 2003 முதல் 2012 வரை காட்டிய ‘எக்ஸ்ட்ரீம் மேக்கோவர்: ஹோம் எடிஷன்’ நிகழ்ச்சியில், கஷ்டப்படும் ஒரு குடும்பத்தை ஒரு வாரம் வெளியூருக்கு அனுப்பிவிட்டு, அதற்குள் வீட்டைப் புதிதாக்கிவிடுவார்கள். திரும்பி வருகிறவர்களின் கண்ணுக்கு வீட்டை மறைத்துக்கொண்டு ஒரு பஸ் நிற்கும். கூட்டம் கூவ, பஸ் நகரும், வீடு தெரியும், எல்லோரும் அழுவார்கள். 2013-இல் தொடங்கிய ‘பிக்ஸர் அப்பர்’ என்ற மற்றொரு நிகழ்ச்சி, டெக்ஸாஸிலுள்ள வேக்கோ என்ற ஊரையே யாத்திரை ஸ்தலமாக்கிவிட்டது.

பார்த்து ரசிப்பதோடு நில்லாமல், அந்த வீடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்புகிற ரசிகர் ஒருவர் உண்டு. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். கதவிலக்கத்தில் பாதி தெரியும். எதிரே ஒரு மாதாகோவில் கோபுரம் தெரியும். 2007-இல் கூகிள் தொடங்கிய தெருப்படங்களில் தெருத் தெருவாகத் தேடுவார். வீட்டு வரிக் கணக்குகள் அந்த நாட்டில் பெரும்பாலும் யாரும் பார்க்கக்கூடியவை. ஒரு நாள் வீடு அகப்பட்டுவிடும். உடனே முகவரியோடு மற்ற ரசிகர்களுக்கும் அறிவித்துவிடுவார்.

இவரைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இந்த ஆவல் புரியும். “அந்தத் தெரு எங்கே இருக்கிறது? அந்தப் பெண் யார்?” என்று கேட்கிற வாசகன், கதை மெய்யாக இருக்கவேண்டும் என்று விரும்புகிறவன். டெலிவிஷனைச் சந்தேகிக்கவும் காரணம் உண்டு. ‘பிக்ஸர் அப்பர்’ வீடுகளில் கண்ணைப் பறித்த மேஜை நாற்காலிகள் பல படப்பிடிப்புக்காக வைக்கப்பட்டவை. வீட்டுக்காரர் விலை கொடுத்து வாங்காவிட்டால் திரும்பிப் போய்விடும். உண்மை என்னவென்று அறிய ஆசைப்படுவது குற்றமல்ல.

“ஒளித்து வைத்த எதையும் நான் திருடவில்லையே, எல்லாம் ஊரறிந்த விஷயம்தானே” என்பார் அவர். தனித்தனியே பார்த்தால் சரிதான். ஒரு பெண் தனியே வசிக்கிறாள் என்பது பால்காரனுக்குத் தெரியும். அவள் இரவு எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்பது முனைக் கடைக்காரருக்குத் தெரியும். எந்தக் கதவின் தாழ்ப்பாள் பழுது என்பது தச்சனுக்குத் தெரியும். மூன்றும் பெரிய இரகசியங்கள் அல்ல. ஆனால் மூன்றையும் ஒருவன் ஒரே தாளில் எழுதித் தெருமுனையில் ஒட்டினால்? புதிதாக அவன் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக ஒன்றைச் செய்துவிட்டான்.

வீட்டுக்காரர் சம்மதித்துத்தானே காட்டினார் என்று நீங்கள் கேட்கலாம். சம்மதித்தார், காமிரா காட்டிய அளவுக்குச் சம்மதித்தார். அந்தச் சம்மதமும் வீட்டுப் பத்திரத்தோடு கைமாறுவதில்லை. ஏ.பி.சி. கட்டிக்கொடுத்த வீடுகளில் சில, வரியும் மின்சாரச் செலவும் தாங்காமல் விற்கப்பட்டன. வாங்கிக் குடியேறியவர் எந்தக் காமிராவுக்கும் தலையாட்டியவர் அல்ல. வாசலில் ஒரு கார் வந்து நின்றால், வந்தவர் நல்லவரா என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நல்லவர்கள் கூட்டமாக வந்தாலும் தொல்லைதான். ‘பிரேக்கிங் பேட்’ என்ற கதைத் தொடரில் காட்டிய வீடு ஒன்று அல்புகர்க்கி நகரில் இருக்கிறது. கதாநாயகன் செய்ததைப் போலவே ரசிகர்களும் அதன் கூரைமேல் பிட்ஸாவை எறிந்தார்கள். வீட்டுக்காரர்கள் 2017-இல் வேலி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. எறிந்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தின்மேல் ஒரு விரோதமும் இல்லை. அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்ற நினைப்புத்தான் இல்லை.

ஆகவே, கண்டுபிடிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். கண்டுபிடித்தது அவரோடு இருக்கட்டும் என்பேன். நேரில் பார்த்தே தீரவேண்டுமானால், விருந்தினரை வாடகைக்கு ஏற்ற ‘பிக்ஸர் அப்பர்’ வீடுகள் வேக்கோவில் உண்டு. முறையாகக் கேட்டுத் தங்கலாம். மற்ற வீடுகளில் அடுப்பு எரிகிறது, குழந்தை அழுகிறது, கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சி முடிந்த பிறகு அவர்கள் வாழ்கிற வாழ்வு அது. அதை நமக்குக் காட்டுவதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.