அறிவுக்குத் துறவு விலையா?

திருக்குறளின் அறத்துப்பால் இல்லறத்துக்கும் இடம் தருகிறது, துறவறத்துக்கும் இடம் தருகிறது. ஆனால் ஞானத்தில் உயர்ந்த பெண்களைப் பற்றித் தமிழகம் விரும்பிச் சொல்லிவந்த கதைகள் பெரும்பாலும் துறவின் பக்கமே சாய்கின்றன. கல்யாணப் பேச்சு எழுந்ததும் ஔவையார் விநாயகரிடம் முதுமையை வேண்டிப் பெற்றார். காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுருவம் கேட்டார்.

சென்னையின் அறிவியல் வரலாற்றிலும் இந்தச் சாயல் படிந்திருக்கிறது. 1927இல் பிறந்து மயிலாப்பூரில் படித்து வளர்ந்த டாக்டர் வி. சாந்தாவுக்கு 1955இல் அரசு மருத்துவமனை வேலை கிடைத்தது. பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்று கருதப்பட்ட காலம் அது. அவரோ, முந்தைய ஆண்டு 12 படுக்கைகளுடன் தொடங்கியிருந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். மணம் செய்துகொள்ளாமல் அந்த வளாகத்திலேயே குடியிருந்து, 2021இல் மறையும்வரை நோயாளிகளுக்காக வாழ்ந்தார். ராணி மேரிக் கல்லூரியில் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளும், இயற்பியலாளர் அன்னா மாணியும் மணம் செய்துகொள்ளவில்லை. துறந்தவர்களுக்கும் எல்லாம் கைகூடிவிடவில்லை. சி.வி. ராமனிடம் வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்து அன்னா மாணி அளித்த ஆய்வேட்டுக்கு, எம்.எஸ்சி. படிக்கவில்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் பிஎச்.டி. வழங்கவில்லை.

தானாக மனம் விரும்பி ஏற்கும்போதுதான் துறவு அறமாகிறது. பிறர் விதிக்கும் நிபந்தனைக்குப் பணிந்து விடுவது வெறும் இழப்பு. ஆண் விஞ்ஞானியை இல்லறம் தாங்குகிறது. சமையலும் பிள்ளை வளர்ப்பும் மனைவியின் கையில் நடக்க, அவர் இரவு பத்து மணிவரை ஆய்வகத்தில் இருக்கலாம். அதே இல்லறம் பெண் விஞ்ஞானியின் பதவி உயர்வுக்குக் குறுக்கே நிற்கிறது. ‘குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவாள்’ என்ற கணிப்பு, அவள் எதையும் விடுவதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. சாந்தாவின் தியாகம் வணங்கத்தக்கது. அதை அடுத்து வரும் பெண்ணுக்கு அளவுகோலாக்குவது அநீதி.

இல்லறம் பெண்ணின் பொறுப்பு என்ற எண்ணத்திலிருந்து சட்டமும் முழுதாக விடுபடவில்லை. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாட்கள் 2008இல் வந்தன. 2018இல் அது ஆண்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் மனைவியை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர் போன்ற தனித்த தந்தையருக்கு மட்டும். மனைவியுடன் வாழும் தந்தைக்கு அந்த விடுப்பு இல்லை. இல்லறம் இருவருக்கும் உரியது என்றால், முதலில் திருத்த வேண்டிய விதி இதுவே.