கைக்கெட்டிய விளக்கு

பட்டப்பகலில் விளக்கேற்றி வைப்பவரைக் கண்டு நாம் நகைக்கிறோம். இரவில், ஆளில்லாத வெளியில் விளக்கை எரியவிட்டு உறங்குபவரைக் கண்டு நகைப்பதில்லை. கூடாரமிட்டுத் தங்கி, காட்டையும் மலையையும் காணும் வழக்கம் நம் நாட்டில் பெருகிவரும் இந்நாளில், இதனைச் சற்று ஆராய்வோமாக.

மகாராஷ்டிர மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய். அதனை அடுத்த பண்டார்தரா முதலிய இடங்களில், மே மாத இறுதியிலும் ஜூன் மாதத்திலும், மழைக்காலத்தின் தலைவாயிலில், மின்மினிகள் மரந்தோறும் ஒளிர்கின்றன. அவற்றைக் காணவே நகரத்து மக்கள் அங்குச் சென்று கூடாரங்களில் தங்குகின்றனர்.

மின்மினியின் ஒளி நம் கண்களுக்கு விருந்தாக ஏற்பட்டதன்று. ஆண் விட்டுவிட்டு ஒளிர்ந்து அழைக்கிறது. பெண் தன் இனத்தின் குறியை அறிந்து ஒளியால் விடையளிக்கிறது. வளர்ந்த மின்மினியின் வாழ்நாள் சில வாரங்களே. அயலொளி மிகுந்த இடத்தில் அக்குறிகள் மங்கிப்போவதால் இணை சேர்வது குறைகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

அத்தகைய இடத்திற்குத்தான் நாம் விளக்குகளைக் கொண்டு செல்கிறோம். கம்பத்திலோ கிளையிலோ தொங்கவிட்டு, ரிமோட் கருவியின் உதவியால் கூடாரத்துக்குள்ளிருந்தே ஏற்றவும் அணைக்கவும் கூடிய விளக்குகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன.

இக்கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. நள்ளிரவில் கழிப்பிடம் நாடும் முதியவருக்கு அது பெருந்துணை. விரியன் பாம்பு நடமாடும் நிலத்தில் வெளிச்சமின்றி நடப்பது வீரமன்று, பேதைமை.

ஆயினும், அதில் ஓர் இடர் உண்டு. முன்னாளில் விளக்கேற்றியவன் அதனருகில் நின்றான். அதில் மொய்த்து மடியும் பூச்சிகளைக் கண்டான். இன்று பொத்தான் நம் கையில்; ஒளி விழும் இடமோ தொலைவில். பூச்சிகள் ஒளியை விரும்பி வருவன அல்ல என்றும், ஒளியுள்ள பக்கத்தை வானமென்று கொண்டு முதுகை அதன்பால் திருப்புவதால் சுழலில் சிக்குகின்றன என்றும் 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. நாம் உறங்கும்போது அவை நம் விளக்கைச் சுற்றிச் சோர்கின்றன.

கண்ணால் காணாத தீங்குக்கு நாம் பொறுப்பாவோமா எனச் சிலர் வினவலாம். விளக்கை அணைக்க இருளில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்த காலத்தில், அச்சத்தையும் அயர்ச்சியையும் காரணங்காட்ட இடமிருந்தது. இன்று படுத்தபடியே விரலசைத்தால் விளக்கு அணையும். ஏற்றுவதை எளிதாக்கிய கருவியே அணைப்பதையும் எளிதாக்கி, நம் சாக்குப்போக்கைப் பறித்துக்கொண்டது. ஆற்றல் எந்த அளவுக்குக் கைக்கெட்டுகிறதோ, பொறுப்பும் அந்த அளவுக்கு நெருங்கி வருகிறது.

நாம் ஒருவர் அணைப்பதால் இரவு இருண்டுவிடுமா என்பது மற்றொரு வினா. அம்மாநிலத்திலேயே உள்ள பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக ஏற்கப்பட்டது. அதன்பொருட்டு அடுத்துள்ள சிற்றூர்களின் விளக்குகள் நிலத்தை நோக்கி ஒளிவிடுமாறு மாற்றப்பட்டன. ஆண்டு முழுவதும் அங்கு வாழ்பவர்களின் தெருக்களே இதற்கு இடமளித்திருக்க, ஓரிரவு தங்கும் விருந்தினராகிய நாம் நம் பங்கைச் செய்யலாகாதா?

செய்ய வேண்டுவது சிறிதே. விளக்கைத் தாழ்வாக, நிலம் நோக்கித் தொங்கவிடுக. ஒளியைக் குறைத்து வைத்து, நடக்கும் வழிக்கு மட்டும் பயன்படுத்துக. வேலை முடிந்ததும் அணைத்துவிடுக. கூடாரங்கள் பல இருப்பின், இறுதியாக உறங்குபவர் இன்னார் என முன்னரே முடிவு செய்க.

மின்மினி தன் தேவைக்கு ஒளியை ஏற்றுகிறது; உடனே அணைத்தும் விடுகிறது. அதனைக் காண நெடுந்தொலைவு சென்ற நாம், அச்சிறு பழக்கத்தையேனும் அதனிடம் கற்றுத் திரும்புவோமாக.