வர்ணமும் எண்ணெயும்

"மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவேன், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது" என்று பெருமை பேசுகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு நா எழுவதில்லை. ஒளிக்காமல் இருப்பது நற்குணம் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? ஆனால் திறந்து காட்டுவது ஒன்றே ஒருவனை நல்லவனாக்கிவிடுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு ஓரளவு தெளிவு கிடைத்தது செஞ்சியில், ஒரு தச்சுப் பட்டறையில்.

செஞ்சி என்றதும் கோட்டைதான் நினைவுக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் அந்தக் கோட்டையை, மராட்டியர் கோட்டைகள் 12 கொண்ட தொகுதியில் ஒன்றாக, 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நான் சொல்ல வந்தது அந்த மதிலைப் பற்றியல்ல; ஊருக்குள் கதவும் நிலையும் இழைத்துப் பிழைக்கும் ஓர் ஆசாரியைப் பற்றி.

என் உறவினர் வீட்டுப் பையன் ஒரு கித்தாரைப் பகுதி பகுதியாகத் தருவித்திருந்தான். உடல், கழுத்து, தந்தி, முறுக்காணி எல்லாம் தனித்தனியே ஒரு பெட்டியில் வந்துவிடுகின்றன. பூட்டுவதும் மெருகேற்றுவதும் வாங்கியவர் பாடு. ரேகை அழகாக ஓடிய மரம். அதற்கு வர்ணம் பூசாமல் எண்ணெய் மட்டும் ஏற்ற வேண்டும் என்பது பையனின் ஆசை.

"பெயிண்டுன்னா சின்னக் குறையெல்லாம் மக்கு வச்சு மூடிடலாம், தம்பி. எண்ணெய்னா மூட முடியாது. வேலை அதிகம்" என்றார் ஆசாரி.

வேலை எவ்வளவு என்பதை அடுத்த சில நாட்களில் கண்டேன். முதலில் 80-ஆம் நம்பர் உப்புத்தாள். பிறகு 120, 180, 220. ரேகை ஓடும் திக்கிலேயே கை போயிற்று. குறுக்கே இழுத்த கீறல் வெறும் மரத்தில் கண்ணுக்குப் படாது. எண்ணெய் பட்டதும் கறுத்து நிற்கும். பசை ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அங்கே எண்ணெய் இறங்காமல் தேமல் போல் வெளுத்திருக்கும். மரத்தை அறுத்த முனை எண்ணெயை அதிகம் குடித்துக் கறுத்துவிடும் என்பதால் அந்த இடத்தை இன்னும் நயமாகத் தேய்த்தார். பிறகு ஈரத் துணியால் துடைத்தார். படுத்திருந்த நார்கள் மயிர்க்கூச்செறிந்தது போல் எழுந்து நின்றன. காய்ந்தபின் அவற்றையும் மெல்லத் தேய்த்து எடுத்தார். கடைசியில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நிழல் விழும் இடமெல்லாம் பார்த்தார். அதன் பிறகுதான் ஆளிவிதை எண்ணெயைக் கையில் எடுத்தார்.

அந்த எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு இறுகுவது. மேலே தங்கியதைத் துடைத்துவிடாவிட்டால் பிசுபிசுக்கும். துடைத்த துணியையும் சுருட்டிப் போடலாகாது. தானே சூடேறித் தீப்பற்றும். அவர் அதை விரித்து உலர்த்தினார்.

எண்ணெய் மரத்தில் இல்லாத எதையும் காட்டுவதில்லை. இருப்பதை உரக்கச் சொல்கிறது. அதனாலேயே, சொல்வதற்கு முன் மரம் தகுதி பெற வேண்டியிருக்கிறது. மனத்தில் பட்டதை அப்படியே கொட்டுகிறவர்கள் தேய்க்காத மரத்தில் எண்ணெய் விடுகிறவர்கள். அவர்கள் காட்டுவது பொய்யல்ல. ஆனால் காட்டுவது எதை? அந்த நேரத்துக் கோபத்தையும், அரைகுறை அபிப்பிராயத்தையும்தான்.

'தேய்த்துச் சீராக்கிய பிறகு காட்டுவதும் ஒருவகை நடிப்புத்தானே? இயற்கையான முரட்டுத்தனத்தை அழித்துவிட்டீர்களே?' என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உப்புத்தாள் ரேகையை மாற்றுவதில்லை. கணு கணுவாகவே இருக்கிறது. போவது வாளும் இழைப்புளியும் விட்டுச் சென்ற தழும்புகள். அவை மரத்தின் குணமல்ல, மரத்துக்கு நேர்ந்தவை.

தந்தையிடம் அடிபட்டு வளர்ந்த ஒருவன் தன் பிள்ளையை அடித்துவிட்டு, "என் சுபாவம் அப்படி" என்கிறான். அது அவன் சுபாவமா? யாரோ இழுத்த வாளின் பல் தடம் அது. தழும்பை ரேகை என்று நம்பிக்கொண்டு அதைத் தன் உண்மை என்று ஊருக்குக் காட்டுகிறான். அவன் பிள்ளைக்கும் அதே தடம் விழுகிறது. நேர்மையின் பெயரால் நடக்கும் கொடுமைகளில் பாதி இந்தக் குழப்பத்தால் வருவதே.

அதற்காக வர்ணத்தை நான் பழிக்கவில்லை. வெயிலும் மழையும் தாங்க வேண்டிய தெருக்கதவுக்கு வர்ணம் வேண்டும். நோயாளியின் கட்டிலருகே போகிறவன் தன் கலவரத்தை முகத்தில் காட்டாதிருப்பது தர்மமே. ஆனால் கித்தார் தெருக்கதவல்ல. மார்போடு அணைத்து வாசிப்பது. அணைத்துக்கொள்ளும் உறவுகளுக்குப் பூச்சு உதவாது. இழைத்த மனம்தான் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எண்ணெய் ஒரு முறை ஏற்றியதோடு முடிவதில்லை. அவ்வப்போது ஏற்ற வேண்டும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி ஏற்றினால் போதும். வீட்டில் ஒரு கடுஞ்சொல் விழுந்த அன்றே அதற்காக வருத்தம் தெரிவிக்கிறவன் செய்வதும் இந்த வேலைதான். நாட்பட விட்டால் கீறலில் அழுக்கு ஏறிவிடும். பிறகு தேய்க்கும் பரப்பும் பெரிதாகிவிடும்.