பச்சை விரிப்பின் மேல் ஓர் ஆசிரியர்

தம் மனத்தில் எழும் உணர்ச்சி இன்னதென்று அறிதல், அதைப் பிறர் நோகாமல் எடுத்துச் சொல்லுதல், மற்றவர் வேண்டாம் என்னும்போது அதை ஏற்று விலகுதல் ஆகிய திறன்கள் வீட்டுப் பழக்கத்திலேயே தாமாக அமைந்துவிடும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பள்ளிக்கூடமும் அவற்றைப் பொறுத்தவரை நீதிபோதனை வகுப்போடு தன் கடமை முடிந்ததாக எண்ணிக்கொண்டது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் முடிவெடுத்தல், தொடர்பாடல், உணர்ச்சிகளைக் கையாளுதல் உள்ளிட்ட பத்துத் திறன்களை வாழ்க்கைத் திறன்கள் என வகுத்து, அவை பள்ளியிலேயே கற்பிக்கப்பட வேண்டியவை என்று வலியுறுத்திய பின்னரும், எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி எஞ்சியே நின்றது. சினம் கூடாது என்று கரும்பலகையில் எழுதியதால் எந்த மாணவனும் சினத்தை விட்டதாகத் தெரியவில்லை.

இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் சற்று விந்தையானது கனடாவில் பிறந்தது. 1996ஆம் ஆண்டு டொராண்டோ நகரில், மழலையர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவரான மேரி கார்டன், ‘ரூட்ஸ் ஆஃப் எம்பதி’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒத்துணர்வின் வேர்கள் என்பது அப்பெயரின் பொருள். ஒத்துணர்வு என்பது பிறர் படும் துன்பத்தைக் கண்டு இரங்குவதோடு நில்லாமல், அவர் நிலையில் தம்மை வைத்துப் பார்த்து அவர் உணர்வதைத் தாமும் உணரும் ஆற்றலாகும். இத்திட்டத்தில் பாடம் நடத்துவது ஒரு கைக்குழந்தை. பள்ளியாண்டின் தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு மாத வயதுடையதாக, அப்பகுதியிலேயே வாழும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும் அக்குழந்தை, தாய் அல்லது தந்தையுடன் அந்த ஆண்டு முழுவதிலும் ஒன்பது முறை வகுப்புக்கு வருகிறது. ஒவ்வொரு வருகைக்கு முன்னும் பின்னும் பயிற்சி பெற்ற பயிற்றுநர் ஒருவர் தனியே வகுப்பெடுப்பதால் மொத்தம் 27 வகுப்புகள் அமைகின்றன. குழந்தை அணிந்திருக்கும் சிறு சட்டையில் ‘ஆசிரியர்’ என்றே எழுதப்பட்டிருக்கும்.

தரையில் பச்சை நிறப் போர்வை ஒன்று விரிக்கப்பட, அதைச் சுற்றி மாணவர்கள் அமர்கின்றனர். கைக்கு எட்டாத தொலைவில் உள்ள பொம்மையை நோக்கிக் கவிழ்ந்து படுத்தபடி கையை நீட்டும் குழந்தை, எட்டாமற்போகவே முகம் சிவந்து, உதடு பிதுங்கி, இறுதியில் வீறிட்டு அழுகிறது என்று கொள்ளலாம். குழந்தைக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்று பயிற்றுநர் கேட்க, கோபம் என்கிறான் ஒருவன்; பசி என்கிறாள் ஒருத்தி; முயன்றும் முடியாமற்போவதால் உண்டாகும் ஆற்றாமை கோபத்தைப் போலவே வெளித்தோன்றினும் கோபமன்று என்பது பேச்சினூடே மெல்லத் தெளிவாகிறது. அதன்பின்னரே, அத்தகைய ஆற்றாமை தமக்கு எப்போது வந்தது என்ற கேள்வி மாணவர்களிடம் திரும்புகிறது. இவ்வரிசையில்தான் இம்முறையின் நுட்பம் அடங்கியுள்ளது. தனக்குப் பயமாக இருந்தது என்று நாற்பது கண்களுக்கு முன்னால் சொல்ல ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வாய் வராது. குழந்தையின் பயத்தைப் பற்றிப் பேசுவதற்கோ எந்தக் கூச்சமும் இல்லை, அப்பேச்சின் நிழலில் தன்னுடையதையும் அவன் சொல்லிவிடுகிறான். மேலும், கைக்குழந்தை உணர்ச்சியை மறைக்கத் தெரியாதது; பெரியவர்களின் முகத்தில் படிக்க முடியாததை அதன் முகத்தில் படிக்கலாம்.

எல்லை என்பதும் இங்கே காட்சியாகவே கற்கப்படத் தக்கது. தம் உடலையும் மனத்தையும் பிறர் எந்த அளவு நெருங்கலாம் என்று ஒருவர் தமக்கென வரைந்துகொள்ளும் கோடே எல்லை எனப்படுகிறது. பேச்சு வராத குழந்தையும் அக்கோட்டை வரைகிறது: முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, முதுகை விறைக்கிறது, தாயின் தோளில் முகம் புதைக்கிறது. தாய் அதைக் கண்டு விளையாட்டை நிறுத்துவதை இருபது மாணவர்கள் பார்க்கின்றனர். தமிழ் வீடுகளில் இதற்கு நேர்மாறான பாடமே பெரும்பாலும் நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விருந்தினர் வந்ததும் ‘மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு’ என்று ஏவப்படும் பிள்ளை பின்வாங்கினால், அது வெட்கம் என்று சிரித்துத் தள்ளப்பட்டு, மீண்டும் முன்னுக்குத் தள்ளப்படுகிறது. தன் மறுப்புக்கு மதிப்பில்லை என்று நான்கு வயதில் பழகிய பெண், பதினைந்து வயதில் வேண்டாத தொடுதலை உரத்த குரலில் மறுக்க வேண்டும் என்று அதே வீடு எதிர்பார்ப்பது விந்தை. மறுப்பைச் சிரிப்புக்குரியதாகக் கண்டு வளர்ந்த பையனிடம் மறுப்பை மதிக்கும் பண்பை எதிர்பார்ப்பது அதனினும் விந்தை.

இத்திட்டத்தின் பயனை பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். பங்கேற்ற மாணவர்களிடம் அடாவடித்தனம் குறைந்ததாக ஆசிரியர்கள் கூறினர். உதவும் மனமும் பகிரும் பழக்கமும் மிகுந்ததாக உடன் பயிலும் மாணவர்கள் கூறினர். குழந்தை ஏன் அழுகிறது என்பதற்குப் பங்கேற்ற மாணவர்கள் தந்த காரணங்களும் பெருகியிருந்தன. ஆயினும், ஒத்துணர்வு உனக்கு எவ்வளவு உண்டு என்று வினாத்தாள் கொடுத்து மாணவர்களையே கேட்டபோது, பங்கேற்றவர்க்கும் பங்கேற்காதவர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதைத் திட்டத்தின் குறை என்று கொள்வாரும் இருக்கலாம். எனினும், பிறர் மனத்தை நுணுகிப் பார்க்கப் பழகிய பிள்ளை, தான் இன்னும் காணாதவை எத்தனை என்பதையும் சேர்த்தே அறிந்திருக்கக்கூடும் என்பதால், தனக்குத் தானே குறைத்து மதிப்பெண் இட்டுக்கொள்வதில் வியப்பில்லை. நடத்தையை அருகிருந்து கண்டவர்களின் சொல்லே இங்கு நம்பத் தக்க சான்றாகத் தோன்றுகிறது.