பட்டாளத்துக் குடும்பமும் பண யோசனையும்



உலகில் இலவசமாகக் கிடைக்கும் பொருள்களில் யோசனைதான் அதிகம் என்று நம் பெரியவர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. ஆனால் பண விஷயத்தில் சொல்லப்படும் யோசனை ஒருநாளும் இலவசமன்று. யாரோ ஒருவர், எப்போதோ ஒருநாள், அதற்கு விலை கொடுத்தே தீருகிறார். அந்த விலையைக் கொடுப்பவர் யார், வாங்கிக்கொள்பவர் யார் என்பதைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

இதற்குப் பட்டாளத்துக் குடும்பங்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நமது கடை போர்ட் டிக்சனில் இருக்கிறது. 1933ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தேதி, 25 இளைஞர்களைக் கொண்டு மலாய்ப் பட்டாளம் தொடங்கப்பட்ட ஊர் இதுவே. நமது கல்லாவுக்கு எதிரே நிற்பவர்களில் பலர் பட்டாளத்துக்காரர்கள், அல்லது அவர்களுடைய மனைவிமார்கள். கெமாஸ், தைப்பிங், குளுவாங் முதலிய ஊர்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் இது பழகிய காட்சியே. இவர்கள் நம்மிடம் அரிசியும் எண்ணெயும் மட்டும் கேட்பதில்லை. கையில் இருக்கும் பணத்தை என்ன செய்யலாம் என்றும் கேட்கிறார்கள். நாமும் கல்லாவில் உட்கார்ந்தபடியே பதில் சொல்லிவிடுகிறோம். சொல்லத் தகுதி உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டதுண்டா?

அக்குடும்பங்களின் வாழ்க்கையை நாம் பற்று நோட்டிலிருந்தே கற்றுக்கொண்டோம். அட்டையில் 555 என்று அச்சிட்ட அந்தச் சிறு நோட்டை அறியாத கடைக்காரர் இந்நாட்டில் இலர். ஒரு வீட்டின் நோட்டில் மாதாமாதம் ஒரே சீராகப் பற்று ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு மாதம் சவர பிளேடும் சிகரெட்டும் நின்றுபோய், பால்மாவும் பிஸ்கட்டும் மட்டும் தொடரும். வீட்டுக்காரர் சபாவுக்கோ லெபனானுக்கோ அனுப்பப்பட்டுவிட்டார் என்று புரிந்துகொள்வோம். இன்னொரு வீட்டின் பாக்கி ஒரே நாளில் முழுதும் தீர்க்கப்படும். மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று பொருள். அடுத்த வாரம் அவ்வீட்டில் வேறு ஒரு குடும்பம் குடியிருக்கும்.

நம் முன்னோருக்கும் இது முற்றிலும் அந்நியமான வாழ்க்கையன்று. மனைவி மக்களை ஊரில் விட்டு, ரஜூலா கப்பலேறி வந்து, ஆண்டுக்கணக்கில் கடையிலேயே படுத்துறங்கியவர்கள் அவர்கள். மாதம் ஒரு மணியார்டரும் ஒரு கடிதமும்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. வணிகர் தாம் விரும்பியபோது புறப்பட்டார். வியாபாரம் மந்தமானால் திரும்பவும் அவருக்கு வழியிருந்தது. பட்டாளத்துக்காரர் உத்தரவு வந்தபோது புறப்பட வேண்டும். உத்தரவு வரும்வரை திரும்ப முடியாது. திரும்புவாரா என்பதும் சில வேளைகளில் நிச்சயமில்லை. இந்நாட்டுப் படைவீரர்கள் 1960இல் காங்கோவுக்கும், 1993இல் சோமாலியாவுக்கும் பொஸ்னியாவுக்கும் சென்றார்கள். 2007ஆம் ஆண்டு முதல் லெபனானில் அமைதிப் பணி செய்து வருகிறார்கள். வெளிநாடு செல்லாதவர்களுக்கும் அபாயம் இல்லாமலில்லை. 2013இல் லகாட் டத்துவில் நடந்ததை நாம் எல்லோரும் அறிவோம்.

இப்படிப்பட்ட வாழ்க்கைக்குப் பண யோசனை சொல்ல வருபவர், மற்ற மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லும் யோசனையையே இங்கும் சொன்னால் என்ன ஆகும்? 20 ஆண்டுத் தவணையில் இந்த ஊரிலேயே வீடு வாங்குங்கள் என்பார். அடுத்த ஆண்டே மாற்றல் வரும். ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டீர்கள், இனிக் கவலையில்லை என்பார். போரினால் நேரும் மரணத்துக்கும் ஊனத்துக்கும் பணம் இல்லை என்னும் விலக்கு பல பத்திரங்களில் இருப்பதை வாசித்துக் காட்டமாட்டார். கணவரிடம் மட்டும் பேசிக் கையெழுத்து வாங்கிப் போவார். கணவர் கடல் கடந்திருக்கும்போது கட்ட வேண்டிய தவணையும் வரும் கடிதங்களும் மனைவியின் தலையில்தான் விழும் என்பதை நினைத்துப் பார்க்கமாட்டார்.

சேமிப்பின் கணக்கும் வேறு. மற்றத் தொழிலாளருக்கு ஊழியர் சேமநிதி இருப்பதுபோல், படைவீரருக்கு 1972இல் தொடங்கிய ராணுவச் சேமநிதி உண்டு. அதிகாரிகள் அல்லாத சாதாரணப் படைவீரரின் சம்பளத்தில் 100க்கு 10 பிடிக்கப்படுகிறது. அரசாங்கம் 15 சேர்க்கிறது. பென்ஷன் பெற அவர் 21 ஆண்டுச் சேவை முடிக்க வேண்டும். 19 வயதில் சேர்ந்தவருக்கு 40 வயதில் பட்டாள வாழ்க்கை முடிந்துவிடலாம். நமக்கு வியாபாரம் சூடுபிடிக்கும் வயதில் அவருக்கு உத்தியோகம் முடிகிறது! பிள்ளைகளோ இன்னும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அடுத்த 20 ஆண்டுக்கு அவர் என்ன செய்வார் என்று யோசிக்காதவர் அக்குடும்பத்துக்கு ஆலோசகராக முடியாது.

அப்படியானால் பட்டாள வாழ்க்கையை நன்கு தெரிந்தவரைத் தேடிப் பிடித்தால் போதுமா? போதாது என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. அங்கே இளம் சிப்பாய்களிடம் ஒருவகை மாதச் சேமிப்புத் திட்டம் விற்கப்பட்டு வந்தது. முதல் ஆண்டில் கட்டும் பணத்தில் பாதிவரை தரகாகவே போய்விடக்கூடிய திட்டம் அது. அதை விற்றவர்களில் முன்னாள் ராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள். சிப்பாயின் பேச்சும் பழக்கமும் சம்பள நாளும் அவர்களுக்கு அத்துபடி. மேலதிகாரிக்குக் கீழ்ப்படிந்தே பழகிய இளைஞன், முன்னாள் அதிகாரி நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாமல் இருப்பானா? இறுதியில் 2006ஆம் ஆண்டு அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றி அவ்வகைத் திட்டத்தின் விற்பனையைத் தடுத்தார்கள். அதே ஆண்டில், ராணுவக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் பலவகைக் கடன்களில் ஆண்டு வட்டி 100க்கு 36ஐத் தாண்டலாகாது என்று மற்றொரு சட்டமும் செய்தார்கள். அப்படியானால் அதற்கு முன் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! ஒருவருடைய வாழ்க்கையை நன்கு அறிந்திருப்பது அவருக்கு உதவவும் பயன்படும், அவரை வளைக்கவும் பயன்படும்.

பிறர் குற்றத்தைச் சொல்லிவிட்டு நம் குற்றத்தை மறைப்பது நியாயமன்று. சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம்.

நமது கடைக்குப் பக்கத்து வாசலும் அப்போது நமது வாடகைச் சீட்டில் இருந்தது. குடியிருந்தவர் காலி செய்துவிட்டதால் பூட்டிக் கிடந்தது. அந்நாளில் நமது வாடிக்கைக்காரரான ஒரு சார்ஜண்ட் ஒரு மாலை வந்து உட்கார்ந்தார். "அண்ணே, பட்டாளத்தை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். சேமநிதிப் பணம் வரும். பக்கத்துக் கடையை எனக்கு விடுவீர்களா? மளிகை வைக்கலாமா?" என்று கேட்டார். நாம் மகிழ்ந்துபோனோம். இடம் நல்ல இடம், முகாம் ஆட்கள் எல்லோரும் உமக்குப் பழக்கம், சரக்கை நாமே மொத்த விலைக்குத் தருகிறோம் என்றெல்லாம் சொன்னோம். நாம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இடம் நல்ல இடம்தான். சரக்கும் நல்ல சரக்குதான்.

அப்போது பெஞ்சில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வாரண்ட் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தலையைத் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சேவை எத்தனை வருஷம்?"

"18" என்றார் சார்ஜண்ட்.

பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நம்மிடம் பென்சில் வாங்கிக்கொண்டார். சிகரெட் அட்டையின் உட்புறத்தில் இரண்டு கணக்குகளை எழுதினார். இன்றே விட்டால் கையில் வரும் மொத்தத் தொகை ஒரு பக்கம். இன்னும் 3 ஆண்டு பொறுத்தால் ஆயுள் முழுதும் மாதம் தவறாமல் வரும் பென்ஷன் மறுபக்கம். "நீ போன பிறகு உன் மனைவிக்கும் இதில் உரிமை உண்டு, அதையும் சேர்த்துப் பார்" என்றார். சார்ஜண்ட் அந்த அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பென்ஷன் சட்டம் அவருக்குத் தெரியாததன்று. 18 ஆண்டு இருந்தவருக்குத் தெரியாமலிருக்குமா? ஆனால் அந்த ஆண்டு அவர் மூன்றாவது முறையாக போர்னியோவுக்கு அனுப்பப்பட இருந்தார். மூத்த மகள் நோய்ப்பட்டிருந்தாள். மனைவி தனியே அலைந்துகொண்டிருந்தார். களைப்பு அவருடைய கணக்கை மறைத்துவிட்டது. பெரியவருக்கு அந்தக் களைப்பு தெரியும். அவரும் அதே பாதையில் நடந்தவர். ஆகவே அவர், "கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். மகள் விஷயத்தைச் சொல்லி மாற்றலைத் தள்ளிவைக்க மனுக் கொடுத்தாயா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை. வேண்டியிருந்தது மளிகைக் கடையன்று, ஒரு மனு!

நமக்கு 21 ஆண்டுக் கணக்கு அன்று தெரியாது. தெரியாமல் சொன்ன யோசனைதானே, அதில் என்ன குற்றம் என்று சில நாள் நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். பிறகு மனம் ஒப்பவில்லை. ஏன் தெரியாமல் போயிற்று? நாம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் வாடகைக்காரர் போய்விடுவார். நமக்கு இலாபம் வரும் இடத்தில் நம் வாயில் கேள்வி பிறப்பதில்லை. பொய் சொல்லி ஏமாற்றுபவரைவிட, கேட்க வேண்டியதைக் கேட்காமலிருந்து கெடுப்பவர் அதிகம் என்பதும், அவர்கள் தம்மை நல்லவர் என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள் என்பதும் அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

"யோசனை சொல்பவரும் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். பிழைக்க வேண்டும். கூலி வாங்குவது குற்றமன்று. நாம் அரிசி விற்கிறோம். அதில் நமக்கு இலாபம் உண்டென்று வாங்குபவருக்குத் தெரியும். அது ஒளிவு மறைவற்ற வியாபாரம். ஆனால் "எந்த அரிசி நல்லது?" என்று அவர் நம்மை நம்பிக் கேட்கும் அந்தக் கணத்தில் நாம் வியாபாரி மட்டுமல்லோம், அமானிதம் வைக்கப்பட்டவர்களும் ஆகிவிடுகிறோம். அப்போது தேங்கிப்போன மூட்டையைக் காட்டினால் அது வியாபாரமாகாது. பண ஆலோசகரின் நிலையும் இதுவே. வெளிப்படையாகச் சொல்லி வாங்கும் கூலி வேறு. யோசனைக்குள் ஒளித்து வைத்த தரகு வேறு.

ஆகவே, பட்டாளத்துக் குடும்பத்தார் நம்மிடம் வழி கேட்டால், ஆலோசகரை நிறுத்துப் பார்க்கும் வழியை மட்டும் சொல்லுவோம். பத்திரத்தை வாசிக்கும் முன் ஆளை வாசிக்க வேண்டும். பேங்க் நெகாராவிடமோ பங்குப் பத்திர ஆணையத்திடமோ உரிமம் பெற்றவர்தானா என்று அவர்களுடைய பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளலாம். பிறகு, "இதை நான் வாங்கினால் உங்களுக்கு எவ்வளவு வரும்? வாங்காவிட்டால் எவ்வளவு வரும்?" என்று நேருக்கு நேர் கேட்க வேண்டும். இதற்கு முகம் சுளிப்பவரிடம் மேலே பேச வேண்டியதில்லை. அடுத்தபடியாக, அவர் என்ன கேட்கிறார் என்று கவனிக்க வேண்டும். சேவை எத்தனை ஆண்டு, அடுத்த மாற்றல் எப்போது, மனைவிக்கு வேலை உண்டா, கணவர் இல்லாதபோது கையெழுத்துப் போடுவது யார், மணமாகும் முன் சேமநிதியில் தாயின் பெயரைக் குறித்தவர் அதைப் பிறகு பார்த்தாரா என்று கேட்பவர் தொழில் தெரிந்தவர். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்பவர் விற்க வந்தவர். மனைவியையும் உட்காரவைத்துப் பேசாதவரை அனுப்பிவிடலாம். லெபனானிலிருந்து படித்தொகையோடு திரும்பிய மாதத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்திடாமல், கொஞ்ச நாள் ஆறப்போடுவது நல்லது. கடன் தலைக்குமேல் போய்விட்டவர்களுக்கு 2006இல் பேங்க் நெகாரா ஏற்படுத்திய கடன் ஆலோசனை நிலையம் இருக்கிறது. அங்கே யோசனைக்குக் கட்டணமில்லை.

நம் பிள்ளைகளில் சிலரும் இன்று இன்ஷூரன்ஸ், தகாஃபுல் முகவர்களாக முகாம் வாசலுக்குப் போகிறார்கள். நல்ல தொழில்தான். அவர்களுக்கும் இதை வீட்டில் சொல்லி வைப்பது தகப்பன்மார்களின் கடமை.

அந்தச் சார்ஜண்ட் மனுக் கொடுத்தார். மாற்றல் சில மாதம் தள்ளிப்போயிற்று. 21 ஆண்டை முடித்துவிட்டுத் தம் சொந்தக் கம்பத்தில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பெருநாளுக்கு இன்றும் நம்மைப் பார்க்க வருகிறார். பக்கத்துக் கடை பிறகு 7 மாதம் பூட்டியே கிடந்தது. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததற்குமேல் நாம் கட்டிய பள்ளிச் சம்பளம் அந்த 7 மாத வாடகைதான், அதிகமில்லை.

இப்போதெல்லாம் யாராவது பண யோசனை கேட்டால், "இதில் நமக்கு இலாபம் உண்டு, இலாபம் இல்லாத ஒருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று முதலில் சொல்லிவிடுகிறோம். இதனால் வியாபாரம் ஒன்றிரண்டு கைநழுவியதுண்டு. ஆனால் பற்று நோட்டைத் திறக்கும்போது யாருடைய பெயரைக் கண்டும் நாம் கண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. சகோதரர்களே, நீங்களும் சொல்லிப் பாருங்கள்.